பதினாறுக்குப் பிறகும் பிள்ளை படிக்கட்டும்: சிங்கப்பூரில் நிதியுதவி பெறப் படிப்படியான முழு வழிகாட்டி

உங்கள் சம்பளச் சீட்டை எடுத்து, பிடித்தம் என்று இருக்கும் பகுதியைப் பாருங்கள். மத்திய சேமநிதிக்குக் (சிபிஎஃப்) கீழே ‘சிண்டா’, அதாவது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், என்று ஒரு வரி இருக்கும். 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் வாங்குகிறவருக்கு அந்த இடத்தில் 7 வெள்ளி என்று போட்டிருக்கும். பத்து வருடம் வேலை பார்த்தவர் மாதாமாதம் கொடுத்து வந்த பணம் அது. ஆனால் பிள்ளை பாலிடெக்னிக் போகும்போது, “உதவி கேட்கக் கூச்சமாக இருக்கிறது” என்று சொல்பவரும் அவரேதான்.

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, தெரிந்த குடும்பங்களுக்கு விண்ணப்பப் படிவம் நிரப்ப உதவுகிறேன். இந்த வேலைக்கு நான் வந்ததற்குக் காரணம் என் மகள்தான். அவளுடைய முதல் பருவக் கட்டணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டினேன். நமக்கெல்லாம் கிடைக்காது என்று நானாகவே முடிவு செய்திருந்தேன், யாரிடமும் கேட்கவில்லை. அடுத்த பருவத்தில் கேட்டேன், கிடைத்தது. அந்த ஆறு மாத வட்டியை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தகுதி இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியது உதவி தருகிறவர்கள். உங்கள் வேலை, கணக்கைச் சரியாகப் போட்டு நேரத்தோடு கொடுப்பது.

இங்கே சொல்வதெல்லாம் உயர்நிலைப் பள்ளி முடித்து, தொடக்கக் கல்லூரி, மில்லெனியா கல்வி நிலையம், தொழில்நுட்பக் கல்விக் கழகம் (இனி ஐடிஇ என்றே எழுதுகிறேன்), பாலிடெக்னிக் ஆகியவற்றில் தொடர்கிற 16 முதல் 20 வயதுப் பிள்ளைகளுக்கானது.

படி 1: எந்தச் செலவு நெருக்குகிறது என்று முதலில் பாருங்கள்

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் கல்விக் கட்டணம், மற்றதில் அன்றாடச் செலவு. இரண்டுக்கும் உதவி கிடைக்கும் இடம் வேறு, அதனால்தான் பிரிக்கச் சொல்கிறேன்.

அரசாங்கத் தொடக்கக் கல்லூரியில் சிங்கப்பூரருக்கு மாதக் கட்டணம் 6 வெள்ளி. இதர கட்டணங்கள் இரண்டு வகை, ஒன்று 13.50 வெள்ளி, இன்னொன்று கல்லூரியைப் பொறுத்து அதிகபட்சம் 13.50 வெள்ளி. எல்லாம் சேர்த்தாலும் 33 வெள்ளியைத் தாண்டாது. பாலிடெக்னிக்கில் அரசு மானியம் போக ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 வெள்ளி ஆகும். ஐடிஇ அதைவிடக் குறைவு.

ஆனால் நான் பார்த்தவரை, பிள்ளைகளைப் படிப்பிலிருந்து இழுத்து வெளியே போடுவது பெரும்பாலும் இந்தத் தொகை இல்லை. பஸ், ரயில், மதியச் சாப்பாடு, மடிக்கணினி, பட்டறைக் காலணி, சமையல் கலை படிக்கிற பிள்ளைக்கு வெள்ளைச் சீருடை. இப்படி எட்டும் பத்துமாகக் கரைகிற காசுதான். பதினேழு வயதுப் பையன் இதைப் பெற்றோரிடம் சொல்ல மாட்டான். மதியம் சாப்பிடாமல் இருந்துவிடுவான், இல்லாவிட்டால் இரவு வேலைக்குப் போய்விட்டுக் காலை வகுப்பில் தூங்குவான். “உனக்கு ஒரு நாளைக்கு எவ்வளவுப்பா ஆகுது?” என்று நீங்களே கேட்டு எழுதுங்கள்.

படி 2: தனிநபர் வருமானத்தைச் சரியாகக் கணக்கிடுங்கள்

முழு வழிகாட்டியிலும் இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். பத்துப் படிவம் திரும்பி வந்தால், பெரும்பாலானவை இங்கேதான் தவறியிருக்கும்.

மொத்தக் குடும்ப வருமானத்தைக் குடும்ப உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது தனிநபர் வருமானம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ‘மொத்த வருமானம்’ என்பது கைக்கு வரும் சம்பளம் இல்லை. மத்திய சேமநிதிக்குப் பிடிக்கும் முன் உள்ள தொகை. 55 வயதுக்குட்பட்ட ஊழியரின் பங்கு 20 விழுக்காடு. 3,000 வெள்ளி சம்பளக்காரருக்குச் சேமநிதி போக மிஞ்சுவது 2,400. படிவத்தில் பலர் அந்த 2,400ஐ எழுதிவிடுகிறார்கள். கூடவே இணைக்கும் சேமநிதி அறிக்கையில், முதலாளி பங்கு 17 விழுக்காட்டையும் சேர்த்து மாதம் 1,110 வெள்ளி வரவு வைத்திருப்பது தெரியும். அதைப் பார்த்தாலே சம்பளம் 3,000 என்று புரிந்துவிடும். இரண்டும் பொருந்தாவிட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், மூன்று வாரம் போய்விடும். மிகைநேர ஊதியமும் படிகளும் (அலவன்ஸ்) வருமானத்தில் சேரும். மறைக்க வேண்டாம்.

இப்போது ஓர் உதாரணம் பார்ப்போம். அப்பா லாரி ஓட்டுநர், 3,000 வெள்ளி. அம்மா பகுதிநேரத் துப்புரவு வேலை, 1,400. வீட்டில் மூன்று பிள்ளைகளும் பாட்டியும். மொத்தம் 4,400 வெள்ளி, ஆறு பேர். வகுத்தால் தலைக்கு 733 வெள்ளி வருகிறது.

கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டத்துக்கு 2026 முதல் உள்ள வரம்பு: மொத்தக் குடும்ப வருமானம் 4,000 வெள்ளிக்குள், அல்லது தனிநபர் வருமானம் 1,000 வெள்ளிக்குள். முன்பு இது 3,000, 750 என்று இருந்தது. அந்த ‘அல்லது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் லாரி ஓட்டுநர், “எங்களுக்கு 4,400 வருது, 4,000தானே வரம்பு” என்று படிவத்தை மூடி வைத்துவிடுவார். தனிநபர் கணக்கில் அவருக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. இப்படி மூடி வைக்கப்பட்ட படிவங்கள் நம் வீடுகளில் நிறைய.

பாட்டியை மறக்காதீர்கள். கூடவே வசிக்கும் தாத்தா பாட்டி, திருமணமாகாத அண்ணன் தங்கை எல்லோரையும் எந்த அளவுக்குச் சேர்க்கலாம் என்று ஒவ்வொரு படிவத்திலும் எழுதியிருக்கும். படித்துவிட்டு எண்ணுங்கள். பாட்டியை விட்டுவிட்டால் 733 என்பது 880 ஆகிவிடும். உதவித்தொகைகள் படிநிலை வாரியாகத் தரப்படுவதால் ஒரே ஓர் ஆள் விடுபட்டாலும் கிடைக்கும் தொகை குறையலாம்.

முன்பு ஒருமுறை விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர்கள் பழைய வரம்பை மனத்தில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டாம். மறுபடியும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

படி 3: ஒரே கோப்பில் எல்லாத் தாளும்

குடும்ப உறுப்பினர் அனைவரின் அடையாள அட்டை அல்லது பிறப்புச் சான்றிதழ் நகல், வேலை பார்ப்பவர்களின் அண்மைய சம்பளச் சீட்டுகள், சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான உள்நுழைவு) வழியாக எடுக்கக்கூடிய சேமநிதிப் பங்களிப்பு அறிக்கை. டாக்சி, விநியோக வேலை, சொந்தத் தொழில் என்றால் வருமான வரி மதிப்பீட்டு அறிக்கை. வேலை போயிருந்தால் பணிநீக்கக் கடிதம், நோய் என்றால் மருத்துவர் கடிதம். விவாகரத்து, பிரிவு என்றால் நீதிமன்றத் தாள்.

இதையெல்லாம் ஒருமுறை திரட்டிப் படமெடுத்துக் கைப்பேசியில் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி, சிண்டா, குடும்பச் சேவை நிலையம் என எங்கே போனாலும் ஏறக்குறைய இதே தாள்களைத்தான் கேட்பார்கள்.

படி 4: எந்த வாசலில் தட்டுவது

பிள்ளை தொடக்கக் கல்லூரியிலோ மில்லெனியாவிலோ இருந்தால் கல்லூரியின் பொது அலுவலகம்தான். கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டப் படிவத்தை அங்கேயே கொடுக்கலாம், ஆண்டின் எந்த மாதத்திலும். கட்டணம் தள்ளுபடியாவதோடு ஆண்டு உதவிநிதியும் கிடைக்கும். இது சிங்கப்பூரருக்கு உரியது. சுயேச்சைப் (இண்டிபெண்டன்ட்) பள்ளிகளில் கட்டணம் அதிகம் என்பதால் அவற்றுக்குத் தனி உதவிநிதி இருக்கிறது, அதன் வருமான வரம்பும் பெரியது. “அந்தக் கல்லூரி நமக்குக் கட்டுப்படியாகாது” என்று நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளையைத் தடுப்பதற்கு முன் அதை விசாரியுங்கள். நிரந்தரவாசிக் குடும்பங்கள், பள்ளியின் சொந்த நிதி ஏதாவது உண்டா என்று கேட்கலாம்.

ஐடிஇ, பாலிடெக்னிக் என்றால் அரசாங்க உதவிநிதிக்குக் கல்விக்கூடத்தின் மாணவர் இணையவாசல் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். உயர்கல்விச் சமூக உதவிநிதி, உயர்கல்வி உதவிநிதி என்று இரண்டு பெயர்களைக் கேள்விப்படுவீர்கள். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், உங்கள் தனிநபர் வருமானத்தை வைத்து எது பொருந்துமோ அதைக் கொடுப்பார்கள். இது கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. நடுத்தரக் குடும்பங்கள்கூட மேல்படிநிலையில் வர வாய்ப்பு உண்டு. அதனால் 1,000 வெள்ளி வரம்பை வைத்துக்கொண்டு இதையும் கைவிட்டுவிடாதீர்கள். அடுத்த ஆண்டு மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டுமா என்பதை, கிடைத்த கடிதத்திலேயே பார்த்து நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

பாலிடெக்னிக் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. விண்ணப்பம் திறந்ததும் மின்னஞ்சல் மாணவருக்குத்தான் போகும், பெற்றோருக்கு வராது. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து மின்னஞ்சலைத் திறக்கச் சொல்லுங்கள். பாதி வாய்ப்புகள் படிக்கப்படாத மின்னஞ்சல்களில் கிடக்கின்றன.

இன்னொன்று. வெளிநாட்டுக் கல்விப் பயணம், மடிக்கணினி போன்றவற்றுக்கு ‘வாய்ப்பு நிதி’ என்று ஒன்று கல்விக்கூடத்திடமே இருக்கும். அதற்கு விளம்பரம் இருக்காது, கேட்டால்தான் தெரியும்.

படி 5: பிள்ளை பெயரில் ஏற்கெனவே உள்ள பணம்

உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கு. பலர் இதைத் தொட்டே பார்த்ததில்லை. சின்ன வயதில் குழந்தை மேம்பாட்டுக் கணக்கில் செலவழிக்காமல் விட்ட பணமும், பள்ளிப் பருவத்தில் அரசாங்கம் பணம் போடும் எடுசேவ் கணக்கில் உயர்நிலை முடிந்தபின் எஞ்சியதும் இதற்குள்தான் வந்து சேர்கின்றன. அவ்வப்போது அரசாங்கமும் நிரப்பும். 2025இல் 13 முதல் 20 வயதுக்குள் இருந்த சிங்கப்பூர்ப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் எடுசேவிலோ இந்தக் கணக்கிலோ 500 வெள்ளி போடப்பட்டது. மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்கு வட்டியே இதற்கும். சிங்பாஸ் வழியாக இருப்பைப் பார்க்கலாம்.

ரொக்கமாக எடுக்க முடியாது. அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளின் கட்டணத்துக்கு நேரடியாகப் போகும். ஒவ்வொரு பருவமும் தானாகக் கழியும்படி நிலையான உத்தரவு கொடுக்கலாம், அல்லது அந்தந்த முறை விண்ணப்பிக்கலாம். 21 வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் தேவை. உடன்பிறந்தவரின் கட்டணத்துக்கும் பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தெரியாது. 30 வயதுவரை கணக்கு இருக்கும். அதன்பின் மிச்சம் சேமநிதிக்குப் போய்விடும், எதுவும் வீணாகாது.

என் யோசனை இது: ஐடிஇ கட்டணத்தை உதவிநிதியே பார்த்துக்கொள்ளும் என்றால் இந்தக் கணக்கை அப்படியே விட்டு வையுங்கள். பாலிடெக்னிக் போகும்போது கட்டணம் பல மடங்கு, அப்போது கைகொடுக்கும்.

படி 6: அன்றாடச் செலவுக்கு

மாதாந்திரக் கைச்செலவுக்கு 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பள்ளிக் கைச்செலவு நிதி இருக்கிறது. பெயரில் ‘பள்ளி’ என்று இருப்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம், உயர்நிலைக்குப் பிந்திய மாணவர்களுக்கும் உண்டு. வட்டாரத்துக் குடும்பச் சேவை நிலையத்திலோ கல்விக்கூடத்திலோ கேளுங்கள்.

சிண்டா 1991இல் அமைக்கப்பட்டது. அலுவலகம் ஃபேரர் பார்க் பக்கம், 1 பீட்டி ரோட்டில். உதவிநிதிக்கும் குடும்ப ஆலோசனைக்கும் அணுகலாம். தமிழிலேயே பேசலாம் என்பது, ஆங்கிலப் படிவத்தைப் பார்த்தாலே தயங்குகிற அம்மாக்களுக்குப் பெரிய ஆறுதல். மறுபடியும் சொல்கிறேன், அந்த 7 வெள்ளி உங்கள் சம்பளத்திலிருந்து போனது. நன்றாக இருந்த வருடங்களில் நீங்கள் கொடுத்தது, முடியாத வருடத்தில் திரும்பி வருகிறது.

வீட்டில் இணையமோ கணினியோ இல்லையென்றால், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மானிய விலையில் இரண்டையும் தரும் ‘டிஜிட்டல்ஆக்சஸ்@ஹோம்’ திட்டம் 2023 முதல் நடக்கிறது. கோயில்கள், பள்ளிவாசல்கள், ஊர்ச் சங்கங்கள் சிலவும் ஆண்டுதோறும் கல்வி உதவி தருகின்றன. வாராவாரம் போகிற இடத்தின் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். வீட்டில் வாடகை, சாப்பாட்டுக்கே திண்டாட்டம் என்றால் அரசாங்கத்தின் காம்கேர் நிதியுதவிக்குச் சமூகச் சேவை அலுவலகம் போக வேண்டும். தொலைபேசி 1800-222-0000.

படி 7: கடன் கடைசியில்தான்

உதவிநிதி, கல்விக் கணக்கு இரண்டும் போக மிச்சம் இருந்தால் மட்டும் கடன். பாலிடெக்னிக் பட்டயப் படிப்புக்குக் கல்விக் கட்டணக் கடன், மானியம் போக உள்ள கட்டணத்தில் 75 விழுக்காடு வரை கிடைக்கும். படிக்கும் காலத்தில் வட்டி இல்லை, பிணையாளர் வேண்டும்.

அப்பா அம்மாவின் சேமநிதி சாதாரணக் கணக்கிலிருந்தும் எடுக்கலாம். இதில் ஒரு விஷயத்தைப் பிள்ளையிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அது பெற்றோர் தரும் பரிசு இல்லை. படிப்பு முடிந்த, அல்லது பாதியில் விட்ட, ஓராண்டில் பிள்ளை வட்டியோடு அப்பாவின் கணக்கில் ரொக்கமாகத் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு வீட்டில் மனஸ்தாபம் ஆன குடும்பத்தை எனக்குத் தெரியும்.

படி 8: மறுத்துவிட்டால்

‘இல்லை’ என்று வரும் முதல் கடிதத்தோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. ஏன் என்று கேளுங்கள். வருமானம் வரம்பைத் தாண்டியதாலா, தாள் குறைந்ததாலா? போன வருடச் சம்பளத்தை வைத்துப் பார்த்திருப்பார்கள், இந்த வருடம் வேலையே போயிருக்கும். அப்படியென்றால் சுருக்கமாக ஒரு மேல்முறையீட்டுக் கடிதம் எழுதுங்கள். நான் எழுதிக் கொடுப்பது இப்படி இருக்கும்:

“என் கணவர் மார்ச் மாதம் வேலை இழந்தார், பணிநீக்கக் கடிதம் இணைத்துள்ளேன். இப்போது என் சம்பளம் 1,400 வெள்ளி மட்டுமே. வீட்டில் ஆறு பேர். மாமியாரின் சிறுநீரகச் சிகிச்சைச் செலவின் ரசீதுகளும் உள்ளன. மகனின் அடுத்த பருவக் கட்டணம் அக்டோபரில் வருகிறது. மறுபரிசீலனை செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

அவ்வளவு போதும். கெஞ்ச வேண்டியதில்லை. மாற்றம் என்ன, ஆதாரம் என்ன, எப்போது தேவை என்ற மூன்றும் இருந்தால் சரி. கூடவே கட்டணக் கெடுவைத் தள்ளிவைக்க முடியுமா, தவணையில் கட்டலாமா என்றும் கேட்டுவிடுங்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போய் ஆதரவுக் கடிதமும் கேட்கலாம்.

பிரிந்து வாழும் கணவரின் சம்பளச் சீட்டு கிடைக்கவில்லை என்று பல பெண்கள் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். நிற்காதீர்கள் அக்கா. நிலைமையை நேராகச் சொல்லி, குடும்பச் சேவை நிலையத்துச் சமூக ஊழியரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள். இந்த மாதிரிக் குடும்பம் அவர்களுக்குப் புதிதில்லை.

படி 9: “நான் வேலைக்குப் போறேன்மா” என்று பிள்ளை சொன்னால்

போன வருடம் ஓர் அம்மா ஐடிஇ இரண்டாம் ஆண்டு மகனோடு வந்தார். படிவத்துக்காக வரவில்லை. பையன் உணவு விநியோகத்துக்குப் போகப் போகிறானாம், மாதம் இரண்டாயிரம் வருமாம். அவன் முகத்தில் சோம்பல் இல்லை, வீட்டு நிலைமை பார்த்து எடுத்த முடிவு அது. அப்படிப்பட்ட பிள்ளையைத் திட்டாதீர்கள். அவன் முன்னால் தாளை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

நாங்கள் போட்ட கணக்கு இதுதான். ஐடிஇ முடித்த 30 வயதுக்குட்பட்ட சிங்கப்பூரர், பட்டயப் படிப்பில் சேர்ந்தால் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கில் 5,000 வெள்ளி போடுகிறார்கள். பட்டயம் முடித்ததும் சேமநிதி சாதாரணக் கணக்கில் 10,000. 2024 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்த ஐடிஇ முன்னேற்ற விருது அது. உடனே சேர வேண்டும் என்றும் இல்லை, தேசிய சேவை முடித்துவிட்டு வந்தாலும் வயது இருக்கிறது. ஆனால் ஐடிஇ படிப்பை முடிக்காமல் விட்டால் இதில் ஒரு வெள்ளிகூட வராது.

அடுத்து அவனுடைய மாதச் செலவைப் போட்டோம். பயணமும் மதியச் சாப்பாடும்தான் பெரிய துண்டு. கைச்செலவு நிதிக்கு ஒரு படிவம், கல்விக்கூட ஆலோசகரைப் பார்க்க ஒரு நாள் குறித்தோம். வேலை பார்த்தே ஆக வேண்டும் என்றால் வாரக்கடைசி மட்டும் என்று அம்மாவும் மகனும் பேசிக்கொண்டார்கள். அதுவும் முடியாமல் போனால், விலகல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படிப்பைத் தற்காலிகமாக ஒத்திவைக்க முடியுமா என்று கேட்கச் சொன்னேன்.

பையன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். திங்கட்கிழமை காலை அம்மாவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: “வகுப்புக்குப் போயிருக்கான் அக்கா. சேமநிதி அறிக்கை எங்க எடுக்கணும்னு கேட்கிறான்.”